புதுக் கேம்பர் வேனில் கோளாறு: கொழும்புக்கு இறக்குவதா, மலையிலேயே பார்ப்பதா?

மலையகத்தில் புதிதாகக் கேம்பர் வேன் (உள்ளேயே படுத்து, சமைத்து இருக்கிற வேன்) எடுத்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். வாரண்டி இன்னும் ஓடுகிறது, வேனில் கோளாறு வந்துவிட்டது. கொழும்பில் இருக்கும் கம்பனி வேர்க்ஷொப்புக்கு இறக்குவதா, கண்டிக் கிளையில் காட்டுவதா, ஆளை மேலே வரச்சொல்வதா, இல்லை ஊரில் தெரிந்த கராஜிலேயே செய்துகொண்டு பில்லை அனுப்புவதா?

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் கேம்பர் வேண்டும் என்றவர்கள் பழைய டொயோட்டா கேடிஎச் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், சிங்க், சோலர் என்று பொருத்திக்கொண்டார்கள். என்ஜினுக்கு வாரண்டி என்ற பேச்சே அதில் கிடையாது. ஏதாவது நின்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் போனார்கள், முடிந்தது. இப்போது புது வண்டி, கையில் வாரண்டிப் புத்தகம், மாதாமாதம் லீசிங். தெரிந்த மெக்கானிக் கை வைத்தால் வாரண்டி போய்விடுமோ என்ற பயம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்த இடத்தில் வைத்தே அதைக் காட்டி எழுத்தில் பதிய வேண்டும். திருத்த வேலை எங்கே நடக்கிறது என்பது அதற்கு அடுத்த விஷயம். மலையில் வாழ்கிற நமக்கு இது ஏன் முக்கியம் என்பதை அளவுகோல்களோடு சேர்த்தே சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

யாருடைய வாரண்டி? கேம்பர் வேன் வெளியில் பார்க்க ஒரே வண்டி. வாரண்டி என்று வரும்போது அது மூன்று. என்ஜின், கியர், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் வாகனக் கம்பனியின் பொறுப்பு. கூரை, ஜன்னல், அலுமாரி, தண்ணீர்க் குழாய், உள் வயரிங் எல்லாம், அதாவது வேனின் வீட்டுப் பகுதி, பொடி கட்டிய (வேனின் கூட்டையும் உள்வேலையையும் செய்த) இடத்தின் பொறுப்பு. பிரிஜ், இன்வேர்ட்டர், லித்தியம் பேட்டரி, சோலர் கொன்ட்ரோலர், ஹீட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டை, தனித்தனி காலம். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வேனை வாகனக் கம்பனிக்குக் கொண்டுபோனால் ஒரு நாளும் டீசலும்தான் போகும்.

இதில் இரண்டு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. முதலாவது, வண்டியை யாரிடம் வாங்கினீர்கள் என்பது. ஏஜென்டிடம் வாங்கியிருந்தால் தயாரிப்பாளரின் வாரண்டி உண்டு. கார் சேலில், வேறு ஒருவர் இறக்குமதி செய்த வண்டியை வாங்கியிருந்தால், மீற்றரில் கிலோமீட்டரே ஓடாத புது வண்டியாக இருந்தாலும் ஏஜென்ட் அதைத் தன் வாரண்டியில் சேர்க்க மறுக்கலாம். அப்போது உங்களுக்கு இருப்பது விற்றவர் எழுதிக்கொடுத்த கடதாசி மட்டும்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, வாரண்டி எந்தத் திகதியில் தொடங்கியது என்பது. வாகன வாரண்டி பொதுவாக வண்டியை ஒப்படைத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பொடி கட்டுகிற இடத்தில் அது மாதக்கணக்கில் நின்றிருந்தால் அந்த மாதங்கள் உங்கள் கணக்கில் கழிந்துவிட்டன. வேன் உங்கள் கைக்கு வந்த நாள் வேறு, வாரண்டி தொடங்கிய நாள் வேறு.

கோளாறு அங்கே தெரியுமா? மலையகத்துக்காரர் எல்லோரும் அடிபடுகிற இடம் இதுதான். நமது வேனில் வருகிற கோளாறுகளில் பாதி, குளிரிலும் ஏற்றத்திலும் ஈரத்திலும் சரிவிலும்தான் வரும். கொழும்பில் அந்தக் குளிரும் ஏற்றமும் சரிவும் இல்லை.

டீசல் ஹீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அதே அளவு டீசல், குறைந்த ஒட்சிசன்: எரிவது முழுமையாக எரியாமல் கரி படியும். குறைந்த சூட்டில் இரவு முழுக்க ஓடவிட்டால் இன்னும் சீக்கிரம் படியும். சில நாளில் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிடும். 1,500 மீட்டருக்கு மேல் தொடர்ந்து பாவிப்பதென்றால் உயரத்துக்கேற்ற அமைப்பு வேண்டும் என்று பெயர்போன தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். ஹட்டனும் பண்டாரவளையும் அந்தக் கோட்டுக்குக் கீழே. நுவரெலியா, அம்பேவலை, பட்டிப்பொல மேலே. இந்த ஹீட்டரைக் கொழும்புக்குக் கொண்டுபோய், வெயில் அடிக்கிற முற்றத்தில் பட்டனை அழுத்தினால் அழகாக எரியும். "ஐயா, நல்லாத்தானே வேலை செய்யுது" என்பார்கள். ஜொப் கார்டில் (குறையையும் செய்த வேலையையும் வேர்க்ஷொப் எழுதுகிற தாளில்) 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதி, வேனைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அந்த ஒரு வரி பிறகு உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

கூரை ஒழுக்கும் அப்படித்தான். நம் வீட்டு வாசலில் சமதரை எங்கே இருக்கிறது? முன்பக்கம் உயர்ந்தபடி நிறுத்துகிறோம், தண்ணீர் கூரையின் பின் மூலையில் தேங்குகிறது, அங்கே இருக்கிற சீலண்ட் வழியாகக் கசிகிறது. கொழும்பு வேர்க்ஷொப்பின் சமதரையில் நிறுத்திக் குழாயால் தண்ணீர் அடித்தால் ஒரு சொட்டும் உள்ளே வராது.

ஓட்டிப்போகலாமா? பிரேக், ஸ்டியரிங், என்ஜின் சூடாவது, காஸ் மணம், கருகிய வயர் மணம். இந்த ஐந்தில் ஒன்று என்றாலும் சாவியைக் கழற்றிவிடுங்கள். இறம்பொடை இறக்கத்திலோ கினிகத்தேனை வளைவுகளிலோ பரீட்சித்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது. காஸ் மணம் என்றால் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆட்களை இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

எத்தனை நாள் நிற்கும்? வேன் வேர்க்ஷொப்பில் நின்றாலும் லீசிங் நிற்காது. எல்ல, நுவரெலியா என்று சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர்களுக்கு, ஏப்ரல் சீசனில் ஒரு வாரம் நிற்பது என்பது ஒரு மாதத் தவணையே கைவிட்டுப் போவது. வாரண்டி பார்ட்ஸுக்கும் கூலிக்கும் காசு தரும். நின்ற நாளுக்குப் பொதுவாக ஒன்றும் தராது.

எழுத்தில் என்ன மிஞ்சும்? வாரண்டிச் சண்டையில் கடைசியில் பேசுவது ஜொப் கார்டும், திகதி போட்ட கடிதமும், படமும்தான்.

## வழி 1: கொழும்புத் தலைமை வேர்க்ஷொப்

நுவரெலியாவிலிருந்து ஹட்டன் பக்கமாகப் போனாலும் கண்டி பக்கமாகப் போனாலும் கொழும்பு 160 கிலோமீட்டருக்கு மேல். கேம்பர் வேனில் ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. காலை எட்டு மணிக்குக் கையளிக்க வேண்டுமென்றால் முதல் நாளே இறங்க வேண்டும். டீசல், ஒரு இரவுத் தங்கல், வேனை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவது, எடுக்க மறுபடி போவது. இலவசத் திருத்தத்துக்கு இதெல்லாம் நம் கைக்காசு.

ஆனால் கொழும்பில்தான் முடிகிற வேலைகள் உண்டு. எல்லாக் கொம்பியூட்டர் கோளாறுக் குறியீடுகளையும் வாசிக்கிற கருவி, என்ஜினையோ கியர் பொக்ஸையோ கழற்றிப் பூட்டுகிற ஆட்கள், பார்ட்ஸ் களஞ்சியம், எல்லாவற்றையும்விட வாரண்டிக் கோரிக்கையை ஏற்கலாம் என்று கையொப்பமிடுகிற அதிகாரி. கிளையில் "கொழும்பில் கேட்டுச் சொல்கிறோம்" என்று இழுபடுகிற விஷயம் அங்கே நேரில் நின்றால் அன்றைக்கே தீரலாம்.

எப்போது இது சரி: டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு நிரந்தரமாக எரிகிறது, கியர் மாறுவதில் சிக்கல், அல்லது கிளை பார்த்தும் தீராத கோளாறு. இந்தக் கோளாறுகள் உயரத்தோடு சம்பந்தமில்லாமல் எங்கேயும் தெரியும், கொம்பியூட்டரிலும் பதிந்திருக்கும்.

போவதென்றால் சாமானை இறக்கிவிட்டுப் போங்கள். தண்ணீர்த் தொட்டியையும் காலி செய்யுங்கள். நூறு லீட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றி ஓட்டியதால்தான் ஸ்ப்ரிங் உட்கார்ந்தது, பிரேக் டிஸ்க் வளைந்தது என்று சொல்லி வாரண்டியை மறுப்பது வழக்கமான காரணம். முடிந்தால் முழுச் சாமானோடு ஒரு தரம் லொறித் தராசில் எடை போட்டு, துண்டை வைத்துக்கொள்ளுங்கள். எடை வரம்புக்குள் இருந்தால் அந்தத் துண்டே உங்கள் பதில். கூடுதலாக இருந்தால், கோளாறு வருமுன்பே எதை இறக்குவது என்று யோசிக்கலாம்.

## வழி 2: கண்டிக் கிளை, அல்லது கம்பனி அங்கீகரித்த கராஜ்

நுவரெலியாவிலிருந்து கண்டி 77 கிலோமீட்டர் அளவு. காலையில் இறங்கி மாலையில் திரும்பலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்குக் கண்டியும் தூரம்தான். ஊருக்குப் பக்கத்தில் அங்கீகரித்த கராஜ் இருக்கிறதா என்று கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. போர்டு மாட்டியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சர்வீஸ் செய்ய அங்கீகாரம் உள்ள இடம் எல்லாவற்றுக்கும் வாரண்டி வேலை செய்ய அங்கீகாரம் இருக்காது.

இந்த வழியின் பெரிய பலம், அங்கே இருப்பவர்களுக்கு மலை தெரியும். இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கியும் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடுகிறது என்றால், அவர்களும் அந்த வீதியில் ஓட்டுகிறவர்கள், விளங்கும். கூடவே வரச்சொல்லி, ஏறி இறங்கிக் காட்டலாம். நான் எப்போதும் கேட்பது அதைத்தான்: "தம்பி, நீங்களே ஓட்டிப் பாருங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்." மெக்கானிக் தன் கையால் உணர்ந்த ஆட்டத்தை ஜொப் கார்டில் எழுத மாட்டேன் என்று சொல்வது கஷ்டம்.

மறைவான செலவு, காத்திருப்பு. பார்ட்ஸ் கொழும்பிலிருந்து வர வேண்டும், சில நேரம் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும். அதுவரை வேனை அங்கேயே விட்டுவைக்காதீர்கள். ஓட்டக்கூடிய நிலை என்றால் ஜொப் கார்டைத் திறந்தபடி வைத்து, பார்ட்ஸ் ஓடர் இலக்கத்தை வாங்கிக்கொண்டு வேனைத் திருப்பி எடுங்கள். வாரண்டி முடியப்போகிற தறுவாயில் இது இன்னும் முக்கியம். முடிவதற்கு முன் பதிந்த குறை என்பதற்கு அந்த ஜொப் கார்டுதான் சாட்சி.

இன்னொன்று, நமது மொழி. கவுண்டரில் சொல்வது தமிழில், எழுதுகிறவர் எழுதுவது சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில், இடையில் குறை சுருங்கிவிடும். "விடிய ஸ்டார்ட் பண்ணும்போது, குளிரில், முதல் பத்து நிமிடம் மட்டும் முன் இடது பக்கம் டக் டக் என்று சத்தம்" என்று நீங்கள் சொன்னது கார்டில் 'சத்தம், பரிசோதிக்கவும்' என்று மட்டும் நிற்கும். ஆகவே குறையை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: எந்த இடம், எத்தனை மணி, என்ஜின் குளிரா சூடா, ஏற்றமா இறக்கமா, எத்தனை கிலோமீட்டரில் தொடங்கியது. அந்தத் தாளைக் கார்டோடு பின் அடித்து, உங்கள் பிரதியில் சீல் வாங்குங்கள்.

செசி, அதாவது வாகனக் கம்பனியின் பொறுப்பில் உள்ள பகுதி, சம்பந்தமான கோளாறு என்றால், பெரும்பாலானவர்களுக்கு முதல் கதவு இதுதான்.

## வழி 3: ஆளை மேலே வரவழைப்பது

வாகனக் கம்பனி இதை இலேசில் செய்யாது. ஆனால் பொடி கட்டிய இடம் செய்யும், கேட்டால். கேட்க வேண்டிய நேரம், மீதிக் காசைக் கொடுப்பதற்கு முன். "முதல் வருடம் வீட்டுப் பகுதியில் குறை வந்தால் நுவரெலியாவுக்கு ஆள் அனுப்பிப் பார்த்துத் தர வேண்டும், போக்குவரத்து அவர்கள் செலவு" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். காசு முழுதும் போன பிறகு அதே வரிக்கு நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்கும்.

ஒழுக்கு, ஹீட்டர், பிரிஜ், சரிவில் திறந்துகொள்கிற அலுமாரிக் கதவு, இதற்கெல்லாம் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். கோளாறு நடக்கிற இடத்திலேயே, நடக்கிற நேரத்தில் பார்க்கிறார்கள். ஆள் வருமுன் நீங்கள் செய்து வைக்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. காய்ந்த நாளில் வேனை வழக்கமாக நிறுத்துகிற சரிவிலேயே நிறுத்தி, உள்ளே ஒருவர் டோர்ச்சோடு இருக்க, வெளியே இருந்து மெல்லிய ஓட்டத்தில் தண்ணீர் விடுங்கள். கீழிருந்து தொடங்குங்கள்: முதலில் ஜன்னல் ஓரம், பிறகு அதற்கு மேல் மூட்டு, கடைசியாகக் கூரை வென்ட். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் பொறுங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது ஓட்டை என்றே தெரியாமல் போய்விடும். உள்ளே மூலைகளில் டிஷூ ஒட்டி வைத்தால் முதல் ஈரம் எங்கே என்று அது காட்டிக்கொடுக்கும். அதை வீடியோ எடுத்து அனுப்புங்கள். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தவர்கள் மே மாதத்துக்கு முன்பும், பதுளைப் பக்கத்தவர்கள் வடகீழ்ப் பருவமழைக்கு முன்பும் இதைச் செய்துவிடுவது நல்லது. மழை தொடங்கிய பிறகு ஈரத்தின் மேல் சீலண்ட் பிடிக்காது.

ஆளைக் கூப்பிடுமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வந்தவர் கூலி கேட்பார். காஸிலும் கரண்டிலும் ஓடுகிற வகைப் பிரிஜ், வேன் சில பாகை சரிந்து நின்றாலே குளிர்விக்காது. அது கோளாறு அல்ல, அந்த வகையின் இயல்பு. சமமாக நிறுத்தி ஒரு இரவு பாருங்கள். கொம்ப்ரஸர் வகை என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, அதனால் சரிவான ஊரில் வாங்குகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

சில சாமானுக்கு ஆளும் வேண்டாம், வேனும் போக வேண்டாம். இன்வேர்ட்டர், சோலர் கொன்ட்ரோலர், தண்ணீர்ப் பம்ப் போன்றவை நான்கு ஸ்குரூவும் இரண்டு வயரும்தான். வாரண்டி அட்டை கொடுத்த கடையிடம் முதலில் கேட்டு, கழற்றலாம் என்று மெசேஜில் பதில் வாங்கி, தெரிந்த ஒருவரைக் கொண்டு கழற்றிக் கூரியரில் அனுப்பலாம். கழற்றுமுன் வயர் எது எங்கே என்று படம், சாமானின் தொடர் இலக்கம் தெரிய ஒரு படம், சீல் உடையாமல் இருப்பதற்கு ஒரு படம். லித்தியம் பேட்டரியை மட்டும் கூரியரில் போடாதீர்கள், அதற்கு நேரில்தான் போக வேண்டும்.

## வழி 4: ஊர்க் கராஜில் திருத்திவிட்டு, பிறகு காசு கேட்பது

மனசுக்கு மிக நெருக்கமான வழி. ஆள் தெரியும், மொழி தெரியும், பின்னேரத்துக்குள் வேன் கைக்கு வரும். மலையக மெக்கானிக்குகள் கைதேர்ந்தவர்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஏற்றத்தில் லொறியையும் பஸ்ஸையும் ஓட வைக்கிறவர்கள் அவர்கள்தான்.

ஆனால் வாரண்டிக் காலத்தில் முன் அனுமதி இல்லாமல் திருத்தியதற்குக் காசு திரும்பக் கிடைப்பது அரிது. அதைவிட மோசம், பிறகு அதே பகுதியில் வரும் எந்தக் கோளாறுக்கும் "வெளியில் கை வைத்திருக்கிறார்கள்" என்ற பதில் தயாராக இருக்கும். அன்று சில ஆயிரம் மிச்சம் பிடித்து, ஒரு கியர் பொக்ஸின் வாரண்டியை இழந்தவர்கள் உண்டு.

அப்படியானால் எப்போது? மூன்று நேரத்தில். வாரண்டியிலேயே இல்லாத தேய்மானச் சாமான்கள்: பிரேக் பேட், கிளட்ச் டிஸ்க், வைப்பர், பல்ப். இவற்றுக்கு ஊர்க் கராஜ் தாராளமாகப் போதும், தரமான பார்ட்ஸ் போட்டு பில் வாங்கினால் சரி. இரண்டாவது, நடுவழியில் ஆபத்தான நிலை, பாதுகாப்பாக ஒதுக்குவதற்கு வேண்டிய அளவு வேலை. மூன்றாவது, கம்பனியே எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கும்போது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மண்சரிவுகளோடு வந்து மலையக வீதிகளை அறுத்தபோது, கம்பனியின் எழுத்துச் சம்மதம் என்ற இந்த மூன்றாவதின் தேவை எல்லோருக்கும் தெரிந்தது. வீதியே இல்லாதபோது வேர்க்ஷொப்புக்குப் போவதெப்படி? அப்படியான நேரத்தில் வீதி மூடியிருக்கும் செய்தியின் படத்தோடு கம்பனிக்கு ஒரு ஈமெயிலோ வட்ஸ்அப்போ அனுப்பி, கோளாறையும் சொல்லி, சர்வீஸ் தவணை கடந்துபோவதையும் சொல்லி, நீட்டித்துத் தரக் கேட்டுவிட வேண்டும். தவணை தவறிய பிறகு கேட்பதைவிட முன்பே கேட்டதற்கு மதிப்பு அதிகம்.

கராஜில் செய்யவேண்டி வந்தால் கழற்றிய பழைய பார்ட்ஸை வீசாதீர்கள். பையில் போட்டு, திகதி எழுதி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பழைய பார்ட்ஸ் இல்லாத கோரிக்கையைக் கம்பனி ஏறெடுத்தும் பார்க்காது.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்குப் பொருந்தும் | கைக்காசாகப் போவது | எழுத்தில் மிஞ்சுவது |
|---|---|---|---|
| கொழும்பு | என்ஜின், கியர், கொம்பியூட்டர் கோளாறு, இழுபடும் வழக்கு | டீசல், தங்கல், இரண்டு தடவைப் பயணம் | வலுவான ஜொப் கார்டு. மலைக் கோளாறுக்கு 'குறை இல்லை' என்ற ஆபத்து |
| கண்டிக் கிளை, அங்கீகரித்த கராஜ் | பிரேக், ஸ்டியரிங், சத்தம், முதல் பதிவு | பார்ட்ஸ் வரும்வரை காத்திருப்பு | நல்லது, நீங்கள் எழுதிக் கொடுத்தால் |
| ஆள் மேலே வருவது | ஒழுக்கு, ஹீட்டர், பிரிஜ், உள்வேலை | ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் போக்குவரத்து | வீடியோவும் வந்தவரின் கையொப்பமும் |
| ஊர்க் கராஜ் | தேய்மானச் சாமான், அவசரம் | முழுச் செலவும், சில நேரம் வாரண்டியும் | பில்லும் பழைய பார்ட்ஸும் மட்டும் |

## இரண்டு பேரும் கை விரித்தால்

கேம்பர் வேனில் அடிக்கடி வருகிற, அதிகம் களைக்க வைக்கிற வழக்கு இது. காலையில் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி இறங்கியிருக்கிறது. வாகனக் கம்பனி சொல்கிறது, பொடி கட்டியவர் போட்ட வயரிங்தான் இழுக்கிறது என்று. பொடி கட்டியவர் சொல்கிறார், வண்டியின் பேட்டரியே சரியில்லை என்று. நீங்கள் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்யுமுன் நீங்களே ஒரு பரீட்சை செய்யலாம். கடையில் சாதாரண மல்டிமீற்றர் ஒன்று வாங்குங்கள். வேனை நன்றாக ஓட்டிச் சார்ஜ் ஏற்றி, நிறுத்திச் சில மணித்தியாலம் கழித்து என்ஜின் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் அளவு என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. இப்போது வீட்டுப் பகுதிக்குப் போகிற பிரதான பியூஸைக் கழற்றிவிட்டு இரண்டு இரவு அப்படியே விடுங்கள், பிறகு அளந்து பாருங்கள். அடுத்து மறுபடி சார்ஜ் ஏற்றி, பியூஸைப் போட்டு இரண்டு இரவு. பியூஸ் இல்லாதபோது நின்ற பேட்டரி, பியூஸோடு இறங்கிவிட்டால் பொடி கட்டியவரின் வயரிங்கில்தான் தேட வேண்டும். இரண்டு தரமும் இறங்கினால் வாகனக் கம்பனி பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் மீற்றர் இலக்கமும் நேரமும் தெரியப் படம் எடுங்கள். எலக்ட்ரீஷியன் ஒருவர் பக்கத்தில் இருந்தால் வண்டி ஓய்வில் இருக்கும்போது இழுக்கிற கரண்டையும் அளக்கச் சொல்லலாம். பொதுவாக அது 50 மில்லி அம்பியருக்குள் இருக்க வேண்டும்.

இந்தப் படங்களோடு இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தை, ஒருவருக்கு மற்றவரின் பெயர் தெரியும்படி அனுப்புங்கள். தனித்தனியாகப் பேசும்வரை பழி இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே கடிதத்தில் அளவுகள் இருக்கும்போது யாராவது ஒருவர் வேனைப் பார்க்க வேண்டிவரும்.

அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், விற்றவர் கொடுத்த வாரண்டிக்கு ஒத்துவராத பொருள் பற்றிய முறைப்பாட்டை அது விசாரிக்கலாம். அவசர இலக்கம் 1977. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், அதற்குக் காலக்கெடுவும் உண்டு, ஆகவே கம்பனி 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று தள்ளுகிறபோது நீங்களும் சேர்ந்து தள்ளாதீர்கள். முதலில் 1977க்கு எடுத்து, உங்கள் மாவட்ட அலுவலகத்தில் எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். வாரண்டிப் புத்தகத்தின் பிரதி, விற்பனைப் பில், எல்லா ஜொப் கார்டும், நீங்கள் அனுப்பிய கடிதம், அவர்களின் பதில் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கிக் கொண்டு போங்கள். சிங்களத்தில் எழுத ஆள் தேட வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதிலும் கேளுங்கள்.